தலைமாட்டுப் பெயர்

குரோம்பேட்டையில் ஏறிய இரண்டு பெண்கள் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் மடியில் ஆஸ்பத்திரிக்கான சாப்பாட்டுக் கூடை.

"அந்தப் பெயிண்டரை வர வேணாம்னு சொல்லிடுக்கா," என்றாள்.

"ஏம்மா? ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கணும்னு தெருவுல வசூல் பண்ணது நான். தப்பு என்னோடதுதான். மத்ததெல்லாம் செத்தவங்க பேர்ல குடுத்த கட்டில். உன் வூட்டுக்காரர் மட்டும்தான் தன் பேர்ல குடுத்தாரு. அந்தப் பெயிண்டர் அதுலயும் 'நினைவாக'ன்னு எழுதிட்டான்."

"அன்னிக்கு அவரு சிரிச்சாருக்கா. விடு, ஆயுசு கூடும்னாரு."

"இப்ப அவருக்கு அந்தக் கட்டிலையா குடுத்துகீறாங்க?"

"வேற எதுவும் காலியில்லியாம். அவரு கண்ணுல படக்கூடாதுன்னு தலைமாட்டுல அந்த எழுத்துமேல துண்டைப் போட்டு வெச்சிருக்கேன்."

"அதான் சொல்றேன், நாளைக்கே அழிச்சு எழுதிடலாம்."

தாம்பரம் வந்தது. இளையவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"காலைல டாக்டர் கைய விரிச்சுட்டாருக்கா. ரெண்டு நாளுக்காக எதுக்கு அழிக்கணும்?"