மருந்து கேன்

கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் வரிசை. எனக்கு முன்னால் சிலோனிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஒரே எஸ்டேட்டின் லயங்களில், வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள். பல்வலிக்குத் துண்டு கட்டியிருந்த பெரியவள் மேல் லயம். துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்த சின்னவள் கீழ் லயம்.

"வாசம் போற மட்டும் கழுவுனேன் தங்கச்சி," என்றாள் பெரியவள்.

"என்னத்தக்கா?"

"தேயிலைக்கு மருந்தடிச்சிட்டு வெறும் கேனைப் பள்ளத்துல வீசுறாங்கல்ல, அதுல ஒண்ணு. நல்ல பிளாஸ்டிக். சிலோன்ல தகர டின்னுல தண்ணி சுமந்தோம், துருப்புடிச்சிரும். இது காலத்துக்கும் கெடக்கும்."

"புள்ளைங்களுக்கு அதுலயா தண்ணி?"

"சும்மாவா குடுப்பேன்? சாம்பல் போட்டு, மூணு நாளா ஓடையில முக்கி முக்கிக் கழுவினேன். எம்புள்ளைங்க நல்லாத்தான் இருக்கு. ஒம்புள்ளைக்கு என்ன?"

"வாந்தி நிக்கல. எங்க லயத்துல எல்லாப் புள்ளைக்கும் இப்படித்தான், ரெண்டு நாளா."

வரிசை ஓரடி நகர்ந்தது. சின்னவள் நகரவில்லை.

"எந்த ஓடையிலக்கா கழுவுன?"

"நம்ம ஓடைதான். கீழ ஒங்க லயத்துல குடிக்கத் தண்ணி புடிக்கிற பீலிக்கு வருதே, அதுதான். புள்ளைய இப்படிக் குடு, எவ்வளவு நேரம் சுமப்ப?"

நீட்டிய கைகளைச் சின்னவள் பார்த்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.