குளத்தில் விழாத மருந்து

— குளத்துத் தண்ணியும் சுத்தம், அடிச்சேறும் சுத்தம்னா அந்தச் சனியன் வானத்துலேர்ந்தா குதிச்சுது? கேக்குறேன், சொல்லுங்க தம்பி.

— பொறுங்க அண்ணி. பதினோரு புட்டி கொண்டுபோய்ப் பரிசோதனை பண்ணிட்டு வந்திருக்கேன். ஆறு புட்டிக்குத்தான் ரிசல்ட் படிச்சிருக்கேன். நீங்க அதுக்குள்ள சண்டைக்கு வந்துட்டீங்க.

— வராம? லாரி நிறைய அனுப்புன இறாலைத் திருப்பி அனுப்பி, “தடை செஞ்ச மருந்து இருக்கு, பதில் சொல்”னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கான் ஆபீசர். இன்னைக்கு நாலு மணிக்குள்ள பதில் போகலைன்னா பண்ணையோட பதிவே ரத்து. நாப்பது பேர் வேலை பாக்குற எடம் இது. நீங்க என்னடான்னா ஒண்ணாம் புட்டி, ரெண்டாம் புட்டின்னு வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்க.

— ஒவ்வொண்ணாத்தான் அண்ணி வரணும். குளத்துல விட்ட இறால் குஞ்சு, சுத்தம். தீவனம் ரெண்டு மூட்டை, சுத்தம். நீங்க வெல்லப்பாகுல ஊற வச்சுக் குளத்துல விடுற அந்த நல்ல பாக்டீரியாப் பொடி...

— அதைச் சந்தேகப்பட்டீங்களா? அதையா?

— எல்லாத்தையும் சந்தேகப்படத்தானே அண்ணி எனக்கு லேப்ல வேலை குடுத்திருக்காங்க? அதுவும் சுத்தம். அப்புறம் தண்ணி, சேறு. ஆறும் ஆச்சு.

— அஞ்சு வருஷம் தம்பி. அஞ்சு வருஷமா என் குளத்துல ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்ல. அக்கம்பக்கம் எல்லாரும் வாந்தி பேதிக்குக் குடுக்கிற மாதிரி அள்ளி அள்ளிக் கொட்டுனாங்க. நான் கொட்டல. நண்டு ஏறாம கரையைச் சுத்தி வேலி போட்டேன், காக்கா எறங்காம மேல கயிறு கட்டுனேன், உள்ள வர்றவன் ப்ளீச்சிங் தண்ணியில கால் கழுவாம வந்தா வெரட்டுனேன். என்னை என்னன்னு கூப்புடுறாங்க தெரியுமா?

— தெரியும். ப்ளீச்சிங் அம்மான்னு.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல அண்ணி. பண்ணைக்காரங்க கூட்டத்துல எல்லாம் உங்க குளத்தைத்தான் நான் உதாரணம் காட்டுறேன். அதனாலதான் எனக்கும் இது மானப் பிரச்சினை.

— ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழனிப்பானையில விழுந்த கதையா ஆயிட்டேன். யார் தள்ளிவிட்டதுன்னு எனக்குத் தெரியும். நீங்க புட்டியைத் தூக்கிட்டு அலையவே வேணாம்.

— மறுபடியும் அவரா?

— அவனேதான். என் கூடப் பொறந்தவன். குளத்துச் சாவி அவன்கிட்ட, தீவனம் போடுறது அவன், ராத்திரி பகல் கரையில கெடக்குறவன் அவன். போன மாசம் இறாலுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? தண்ணி மேல நூல் நூலா மெதந்துச்சு.

— நான்தானே வந்து பாத்தேன்.

— தீவனத்தைக் கொறைங்க, தண்ணியைக் கொஞ்சம் மாத்துங்க, பொறுமையா இருங்கன்னீங்க. நான் இருந்தேன். அவன்தான் கரையில உக்காந்துக்கிட்டு, “அக்கா, ஒரே ஒரு தடவை மருந்து போட்டுரலாம்கா, கண்ணு முன்னாடி சாகுதுக்கா”ன்னு சின்னப் புள்ள மாதிரி அழுதான். கன்னத்துல அறையாத கொறையா அனுப்புனேன். அப்போ அழுதவன் எனக்குத் தெரியாம ஒரு பொட்டலம் கலக்கியிருக்க மாட்டானா?

— கேட்டீங்களா?

— கேக்காம? முந்தாநாள் நோட்டீஸ் வந்ததும் எல்லார் முன்னாடியும் கேட்டேன். சத்தியம் பண்றான். அப்பா மேல, புள்ளைங்க மேல. சாவியை வாங்கிட்டு, கரையில கால் வைக்காதேன்னு அனுப்பிட்டேன்.

— எல்லார் முன்னாடியுமா?

— அதுக்கென்ன இப்போ? தனியாக் கூப்பிட்டுத் தாலாட்டுப் பாடச் சொல்றீங்களா?

— இல்ல, கேட்டேன். சரி, ஏழாவது புட்டிக்கு வரட்டுமா?

— வாங்க. வந்துதான் தொலைங்க.

— ஏழு, அறுவடை போகக் குளத்துல மிச்சம் இருந்ததுல நேத்து காலையில நானே வலை போட்டுப் புடிச்ச இறால். உசுரோட இருந்தது. சுத்தம்.

— சுத்தமா?

— சுத்தம். எட்டு, பக்கத்துக் குளம், உங்களதுதான். அதுவும் சுத்தம். அவர் மருந்து கலந்திருந்தா இறால் சதையில நின்னிருக்கும் அண்ணி, ஒரு மாசத்துல மொத்தமா ஓடிடாது. சேத்துலயாவது கெடச்சிருக்கும். ரெண்டுலயும் இல்ல.

— அப்போ... அப்போ லாரியில போன இறால்ல மட்டும் எப்படி இருக்கும்? லாரிக்காரன் வேலையா? ஐஸ்! ஐஸ்காரன்தான். அவன் மூஞ்சியைப் பாத்தப்பவே நெனச்சேன்...

— ஒம்பது, ஐஸ். சுத்தம். நான் படிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க ஊர்ல பாதிப் பேரை ஜெயிலுக்கு அனுப்பிடுவீங்க போலருக்கே.

— என் நெலமையில இருந்து பாருங்க.

— பத்து, உங்க குளிர் அறையில இருந்த பெட்டி. லாரியில போன அதே அறுவடை. ஓட்டோட வச்சிருந்த முழு இறால். சுத்தம்.

— தம்பி, என்னைக் கொல்லாதீங்க. பதினொண்ணு?

— அதே அறை, அதே அறுவடை, அதே நாள். உரிச்ச இறால். இதுல இருக்கு.

— என்ன?

— மருந்து இருக்கு. ரொம்பக் கொஞ்சம். ஒரு குளத்துல ஒரு சிட்டிகை உப்பு போட்டா எவ்வளவு கரிக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த மருந்துக்கு இவ்வளவு வரைக்கும் இருக்கலாம்கிற அளவே கெடையாது அண்ணி. மனுஷன் ரத்தம் ஊறுறதையே நிறுத்திடுற மருந்து. துளி இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க.

— ஓட்டோட இருந்தா இல்ல, உரிச்சா இருக்குன்னா...

— குளத்துல வரல. குளத்துக்கும் லாரிக்கும் நடுவுல வந்திருக்கு.

— உரிக்கிற கொட்டகை! பாத்தீங்களா? யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. ஏய், யாரு அங்க? கொட்டகை மேஸ்திரியம்மாவை வரச் சொல்லு. உடனே!

— அண்ணி, வந்ததும் கத்தாதீங்க. ஒரு பத்து நிமிஷம் என்னைக் கேக்க விடுங்க.

— நான் எங்க கத்துறேன்?

— கூப்பிட்டீங்களாம்மா?

— வாம்மா, வா. எத்தனை வருஷமா எங்கிட்ட இருக்கே? உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? இறால்ல எதைக் கலந்தீங்க?

— அண்ணி!

— கலக்குறதா? குத்தமா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் புரியல. தலையைக் கிள்ளுறோம், ஓட்டை உரிக்கிறோம், ஐஸ் தண்ணியில போடுறோம். வேற என்னத்தக் கலக்க?

— நான் கேக்குறேன்மா. பயப்படாதீங்க. கொட்டகையில சமீபத்துல புதுசா எதாவது வந்துச்சா? சோப்பு, பவுடர், பாத்திரம் கழுவுற தண்ணி?

— புதுசுன்னா... ஒண்ணும் இல்லையே ஐயா. அந்த ப்ளீச்சிங் தண்ணிதான். அதுவும் ரெண்டு மாசம் ஆச்சு. முன்ன உள்ள வர்றப்போ ஒரு தடவை கையை முக்குவோம். இப்போ மணிக்கு ஒரு தடவை முக்கணும்னு அம்மா சொல்லிட்டாங்க.

— ஆமா, சொன்னேன். கிருமி பரவக் கூடாதுல்ல? அதுல என்ன தப்பு?

— தப்புன்னு நான் சொல்லலம்மா.

— எங்க, கையைக் காட்டுங்க.

— வேணாங்கய்யா, ஈரம்.

— பரவால்ல, காட்டுங்க. அடடா... அண்ணி, இதைப் பாத்தீங்களா? விரல் இடுக்கு பூரா வெடிச்சிருக்கு. நகக்கண் எல்லாம் புண்ணு.

— எனக்கு மட்டும் இல்லங்கய்யா, பன்னெண்டு பேருக்கும் இப்படித்தான். இறால் தண்ணியே அரிக்கும். மேல ஐஸ், அதுக்கு மேல ப்ளீச்சிங். வீட்டுக்குப் போய் ஒரு பச்சை மிளகா கிள்ள முடியாது. உசுரு போயிடும்.

— இதோட எப்படிம்மா வேலை பாக்குறீங்க? கையுறை குடுக்கலையா?

— அதெல்லாம் அப்பவே பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டாச்சு தம்பி. இவங்கதான் போட மாட்டேன்னுட்டாங்க. வழுக்குதாம்.

— குத்தமா எடுத்துக்காதீங்கம்மா. வழுக்குதுன்னு நாங்க சொல்லல. பெருசா இருக்குன்னு சொன்னோம். ஆம்பளைங்க சைஸ் அது. விரல் நுனியில ஒரு அங்குலம் தொங்கும். அதோட எப்படி ஓடு உரிக்கிறது? சின்ன சைஸா மாத்திக் குடுங்கன்னு மூணு தடவை கேட்டோம்.

— எங்கிட்டயா கேட்டீங்க?

— உங்ககிட்டதாம்மா. மொத தடவை நீங்க போன்ல இருந்தீங்க, கையைக் காட்டிப் போகச் சொன்னீங்க. ரெண்டாவது தடவை வெள்ளைக் கழிச்சல் வந்த சமயம். குளமே செத்துக்கிட்டு இருக்கு, உனக்குக் கையுறை கேக்குதான்னீங்க.

— அது... அப்போ நான் இருந்த இருப்புல ஏதோ சொல்லியிருப்பேன்.

— மூணாவது தடவை என்ன ஆச்சும்மா?

— மூணாவது தடவை அம்மா எழுந்து வந்து என் கையைப் புடிச்சுப் பாத்தாங்க. பொய் சொல்லக் கூடாது, அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சு. மறுநாளே ஒரு அட்டைப்பெட்டி நிறைய களிம்பு வாங்கிக் குடுத்து அனுப்புனாங்க. ஆளுக்கு ரெண்டு ட்யூபு. நல்லா எரிச்சல் அடங்குச்சு ஐயா. தடவிக்கிட்டு அப்படியே உக்காந்து உரிச்சிடுவோம்.

— ட்யூபு இருக்கா?

— மடியிலயே இருக்கு. இந்தாங்க.

— எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே. அண்ணி, உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க.

— என்ன போட்டிருக்கு? படிச்சுச் சொல்லுங்க. தம்பி, கேக்குறேன்ல?

— நீங்களே படிங்க அண்ணி. கீழேர்ந்து ரெண்டாவது வரி.

— இது... நோட்டீஸ்ல போட்டிருக்கிற அதே பேரு.

— அதே பேருதான்.

— கடைக்காரன் புண்ணுக்கு நல்லதுன்னான் தம்பி. படிச்சுக்கூடப் பாக்கல. அஞ்சு வருஷமா ஒரு சொட்டு விழாம காவல் காத்து, கடைசியில நானே என் கையால...

— நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தானேம்மா குடுத்தீங்க.

— நல்லது நெனச்சிருந்தா நீங்க கேட்ட கையுறையைக் குடுத்திருப்பேன்ல? நீ ஆறுதல் சொல்லாதே. நீ ஆறுதல் சொன்னா எனக்கு இன்னும் கேவலமா இருக்கு.

— அண்ணி, இங்க பாருங்க. இது நமக்கு நல்ல சேதிதான். குளம் சுத்தம், தீவனம் சுத்தம், பத்து ரிசல்ட் கையில இருக்கு. களிம்புலதான் வந்துச்சுன்னு உள்ளது உள்ளபடி எழுதுவோம். உரிச்சதை எல்லாம் அழிச்சிடுவோம். ட்யூபு ஒண்ணு விடாம திருப்பி வாங்கணும். புண்ணு ஆறுற வரைக்கும் இவங்க யாரும் இறாலைத் தொடக் கூடாது. ஆனா வீட்ல உக்காரவும் வைக்காதீங்க, வேற வேலை குடுங்க. சின்ன சைஸ் கையுறை இன்னைக்கே வாங்குங்க. திரும்பப் பரிசோதனை பண்ணிட்டு விட்டுடுவாங்க. பதிவு போகாது.

— நிஜமாவா?

— நிஜமா. நடந்ததை நடந்தபடி சொன்னா போதும். மணி இப்போ பதினொண்ணுதான் ஆகுது. நாலு மணிக்கு எவ்வளவோ நேரம் இருக்கு.

— அவனை என்னென்ன பேசிட்டேன் தம்பி. இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. நீயும் நின்னேல்ல?

— நின்னேன்மா. சத்தியம் பண்ணிப் பாத்தாரு அவரு. சாவியைக் கழட்டிக் குடுத்துட்டு, தண்ணிக்குக் காத்து அடிக்கிற ஏரேட்டர்ல மூணாவது சத்தம் போடுது, பாத்துக்கச் சொல்லுங்கன்னுட்டுப் போனாரு.

— என்கிட்ட சொல்லவே இல்லையே.

— சொல்ற நெலமையிலயாம்மா நீங்க இருந்தீங்க?

— போனைக் குடுங்க. மொதல்ல அவனைக் கூப்பிடுறேன். காலைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கிறேன். எடுக்குறானா பாருங்க... அடிக்குது... எங்க பட்டன் இது, எழவு.

— ஸ்பீக்கர்ல போடுறேன், குடுங்க.

— அக்கா?

— டேய், எங்கடா இருக்கே? சாப்பிட்டியா? மொதல்ல நான் சொல்றதைக் கேளு...

— நீ மொதல்ல நான் சொல்றதைக் கேளுக்கா. கத்தாதே. உன் வேலை முடிஞ்சிடுச்சு, நீ நிம்மதியா இரு.

— என்னடா முடிஞ்சிடுச்சு?

— பண்ணை போகாதுக்கா. நேத்து நோட்டீஸ் ஒட்டுன அந்த ஆபீசர்கிட்ட கேட்டேன். முதலாளிக்குத் தெரியாம வேலைக்காரன் பண்ணுனதுன்னா பண்ணைக்கு வெறும் எச்சரிக்கைதானாம். பண்ணுனவன் மட்டும் இனிமே எந்தக் குளத்துலயும் வேலை பாக்க முடியாதாம். அவ்வளவுதான்.

— டேய், நீ ஒண்ணும் பண்ணலடா! எனக்குத் தெரிஞ்சு போச்சு, உன் மேல தப்பே இல்ல...

— அது எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நீ நம்பலேல்ல, சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு, குளத்துல மருந்து கலக்குனது நான்தான்னு அவர் ஆபீஸ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு இப்பதான் வெளிய வர்றேன்.