பச்சை பெஞ்சும் பத்து மார்க்கும்

– சிரிங்க ஐயா, வேணாங்கல. ஆனா நான் சோகமா சொல்ற இடத்துலயா சிரிப்பீங்க? காலையிலேர்ந்து மூணு தடவை ஆச்சு. பஸ்ல நாற்பது பேரும் என்னை விட்டுட்டு உங்களையே பார்க்கிறாங்க.

– மன்னிச்சுக்கம்மா. சத்தியமா அடக்கித்தான் பார்த்தேன்.

– மூணாவது வரிசையில ஒரு அம்மா இருக்காங்களே, நான் மைக்கைத் தொட்டதும் தூங்கிட்டாங்க, எல்லாரும் இறங்கினப்புறமும் அதோ பஸ்லயே தூங்குறாங்க. அது கூட ஒரு மரியாதைதான். நீங்க முன் சீட்ல உட்கார்ந்து நோட்டுல வேற என்னமோ எழுதுறீங்க. சுற்றுலா ஆபீஸ் அனுப்பி வேவு பார்க்க வந்தீங்களா? இப்பவே சொல்லிடுங்க, அடுத்த வாரம் என் லைசென்ஸ் புதுப்பிக்கணும்.

– வேவா! அம்மாடி, நானும் கைடுதான். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஊர், இதே ரூட். அப்ப மைக் கிடையாது, வெறும் தொண்டைதான்.

– சரி, நம்பிட்டேன்.

– நம்பலேன்னு முகத்துல எழுதியிருக்கு. அந்த மணிக்கூண்டு கடிகாரம் நாலு நிமிஷம் லேட்டு. ஏன்னு சொன்னே?

– மாமியாரை அழைக்க ஸ்டேஷனுக்குப் போகாம தப்பிக்கணும்னு அந்தக் காலத்து மேயர் ரகசியமா போட்ட உத்தரவு. வரலாறு ஐயா.

– முள்ளு மேல ஒரு புறா உட்கார்ந்திருந்துச்சும்மா. பஸ் பஞ்சர், மண்டையைப் பிளக்கிற வெயில், முப்பது பேரும் என்னைக் கடிச்சுத் துப்புற மாதிரி பார்க்கிறாங்க. வாய்க்கு வந்ததை அவுத்து விட்டேன்.

– அப்ப பாலத்துக் கல்சிங்கம்? ஊர் வம்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு காதைத் தானே உதிர்த்துச்சே?

– எங்க டிரைவர் ரிவர்ஸ்ல இடிச்சு உடைச்ச காது. பின்னாடி நின்னு 'வரலாம், வரலாம்'னு கை காட்டினது நான்தான்.

– ஐயய்யோ, அது பயிற்சிப் புத்தகத்துல முப்பத்திரண்டாம் பக்கம்! பரீட்சையில பத்து மார்க்! ரெண்டு தடவை எழுதி பாஸ் பண்ணியிருக்கேன்!

– அந்தக் கதைக்குத்தான் என்னை வேலையை விட்டுத் தூக்கினாங்க. உனக்குப் பத்து மார்க்கா? இதென்னம்மா நியாயம்?

– அதுக்குப் பழி வாங்கவா இத்தனை வருஷம் கழிச்சு வந்தீங்க?

– சேச்சே, ஆசையா வந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளிய கால் வச்சதும் அதே தூசி, அதே ஹாரன். கண்ணு கலங்கிருச்சு. தூசியாலதான். அப்புறம் பார்த்தா, ஊரே என் புளுகைப் பலகையில எழுதி மாட்டி வச்சிருக்கு. மனசு உறுத்துச்சு. சுற்றுலா ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிட்டேன், இதோ பையில இருக்கு. எட்டுக் கதை, எட்டும் என் புளுகு, எடுத்துடுங்கன்னு.

– எட்டையும் எடுத்தா என்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்? தண்ணித் தொட்டியும் தபாலாபீசும். அதைக் காட்டி ஒரு நாள் முழுக்க யாரை உட்கார வைக்கிறது? என் பிழைப்புல மண்ணள்ளிப் போடாதீங்க ஐயா.

– பொய் பொய்தானேம்மா.

– நாம உட்கார்ந்திருக்கிற இந்தப் பச்சை பெஞ்சுமா? இதுல உட்கார்ந்து கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டாங்கன்னு எங்க வீட்டுக்காரர் இங்கதான் கேட்டார். பொய்யின்னா, பதினெட்டு வருஷக் குடித்தனத்துக்கு யார் பொறுப்பு?

– அது... நானும் இங்க ஒருத்திகிட்ட கேட்டேன். எதிர்ல மியூசியம் இருக்குல்ல, அங்க டிக்கெட் கிழிக்கிற பொண்ணு. மாட்டேன்னுட்டா. சரி, நமக்குத்தான் கொடுத்து வைக்கல, வர்றவங்களுக்காவது நடக்கட்டும்னு கிளப்பி விட்டேன்.

– டிக்கெட் கிழிக்கிற பொண்ணா? இடது புருவத்துல சின்னதா ஒரு தழும்பு?

– ஆ... ஆமா. உனக்கெப்படித் தெரியும்?

– எங்கம்மா ஐயா. கண்ணை மூடுற வரைக்கும் வருஷம் ஒரு தடவை இங்க வந்து உட்காருவாங்க. ஏம்மான்னா, 'ஒருத்தருக்குத் தப்பா பதில் சொல்லிட்டேன்டி, திரும்பி வந்து கேட்டா மாத்திச் சொல்லணும்'பாங்க. இந்த பெஞ்சு பொய்யின்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அவங்க காத்திருந்ததும் பொய்யாயிடும்... ஐயா, அழுறீங்களா?

– தூசிம்மா. இந்தா, லெட்டரைக் கிழிச்சாச்சு. சந்தோஷமா?

– இன்னும் பொடியா. ம், போதும். இப்ப ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. எங்கம்மா எங்கண்ணன் வீட்ல டிவி பார்த்துக்கிட்டிருக்காங்க. இந்த ஊர்ப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல.

– தெரியும்.

– தெரியுமா? தெரிஞ்சுமா கிழிச்சீங்க?

– அந்தப் புருவத் தழும்பு வச்சே பாரு, அங்கேயே விழுந்துட்டேன். சத்தியமா, என் கதையெல்லாம் தகுந்த கையிலதான் இருக்கு. இதை ஒன்பதாவதா சேர்த்துக்கோ.

– அதை விடுங்க. நான் புளுகுறேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

– எட்டும் புளுகுன்னேனே, அதுவும் புளுகு; இந்த பெஞ்சு ஒண்ணுதாம்மா நிஜம். மியூசியப் பொண்ணு அன்னிக்கே சரின்னுட்டா. அதோ பஸ்ல மூணாவது வரிசையில, கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன கதைன்னு வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறாளே, அவதான்.