ஏரி பச்சையானது குறித்துக் குழாய்ப் பணியாளர் சொன்னது

என் பெயர் பணிப்பதிவேட்டில் உள்ளபடி. கல்லூரி வளாகத்தில் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது 'வால்வு' என்றுதான். வயது ஐம்பத்தாறு. பணியாளர் குடியிருப்பில், பம்ப் அறையை ஒட்டிய வீட்டில் மனைவியோடு வசிக்கிறேன். இருபத்தாறு வருடமாக இங்கே குழாய் வேலை. யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கோடைக்காலச் சுற்றுச்சூழல் மாநாடு ஐந்து நாள் நடக்கிறது. நாற்பது பிள்ளைகள் விடுதியில் தங்கியிருக்கிறார்கள். நேற்றுக் காலை, விடுதிக் கழிவுநீர் எங்கே போகிறது என்று அவர்களுக்குக் காட்ட என்னை அனுப்பினார்கள். கேள்வி கேட்டே கொக்கி போடுவதால் 'கொக்கி' என்று பெயர் வாங்கிய மாணவி ஒருத்தி, எங்கே போகிறது என்று கேட்டாள். சுத்திகரிப்புத் தொட்டிக்கு என்றேன். "பாத்திருக்கீங்களாண்ணா?" என்றாள். இத்தனை வருடம் குழாயோடு குப்பை கொட்டியவனிடம் இந்தக் கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது.

அதன் பிறகு, நீரோட்டத்தைக் கண்டறியப் பயன்படுத்தும் கெடுதலில்லாத பச்சைச் சாயத் தூளை விடுதிக் கழுவுத்தொட்டியில் ஒரு கரண்டி போட்டாள். பொட்டலத்தில் எழுதியிருந்த அளவு அதுதான். சுத்திகரிப்புத் தொட்டியருகே முக்கால் மணி நேரம் நின்றோம். தண்ணீர் கறுப்பாகவே இருந்தது. பிள்ளைகள் சிரித்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளை மட்டும் அழைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். "இத்துனூண்டு போட்டா எப்படித் தெரியும்?" என்று பொட்டலத்தை வாங்கி முழுவதையும் நானே கொட்டினேன். வேண்டாம் என்று அவள் தடுத்தது உண்மை. காலிப் பொட்டலத்தை அவள் கையில் திணித்ததும் நான்தான்.

அதன் பிறகு பதினொரு மணிக்கு வளாகத்தை ஒட்டிய ஏரி பச்சையாகிவிட்டது. விஷம் கலந்துவிட்டதாக அங்கே படகு ஓட்டுபவர் புகார் கொடுத்தார். காலிப் பொட்டலம் கையில் இருந்ததால் பழி கொக்கிமேல் விழுந்தது. விஷமில்லை என்று எனக்குத் தெரியும்; ஆனால் மறந்துபோன ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினொரு வருடத்துக்கு முன் தொட்டிக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டபோது, இரண்டே நாளைக்கு என்று விடுதிக் கழிவை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிட்டேன். அது ஏரிக்குப் போகும் கால்வாய். அடைப்பை எடுத்தேன், திருப்பியதைத் திரும்ப மாற்ற மறந்துபோனேன். மற்றக் கட்டடங்களின் கழிவு தொட்டிக்கு வந்துகொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு எங்கள் பொறியாளர் என்னைத் தனியே அழைத்து, "வாயத் தொறக்காத. ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு. சின்னப் பொண்ணு, வீட்டுக்கு அனுப்பிட்டா முடிஞ்சிடும்" என்றார். நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை அந்தப் பெண் கட்டிய பெட்டிமேல் விடுதி வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிப் பேருந்தில் தன்னை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றாள். கொட்டியது யார் என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னேண்ணா. உங்கள கேட்டாங்களாம், நீங்க இல்லன்னுட்டீங்களாம்." என்னை யாரும் கேட்கவே இல்லை. அவள் மடியில் வளாகத்தின் வரைபடம் இருந்தது. எந்தச் சாக்கடை மூடி வழியாக ஏரிக்குப் போனது என்று மட்டும் சொன்னால், கிளம்புவதற்குள் வரைந்துவிடுவதாகச் சொன்னாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு மூடியைத் திறந்து காட்டி, கால்வாய்ப் பாதையை அடைத்துத் தொட்டிப் பாதையைத் திறந்தேன். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து நான் பிடித்துக்கொள்ள, அவளே விடுதிக் கழுவுத்தொட்டியில் ஒரு கரண்டி போட்டாள். பதினெட்டு நிமிடத்தில் தொட்டி பச்சையானது. நாற்பது பிள்ளைகளும் விசிலடித்தார்கள், நானும் அடித்தேன். அந்த வேகத்தில்தான் சாயம் பட்ட கையைக் கழுவாமல் இப்படிப் பச்சையாக வந்திருக்கிறேன். அந்தப் பெண்ணை அனுப்ப வேண்டாம் என்று ஆய்வாளர் கல்லூரிக்குப் போனில் சொன்னதைக் காதால் கேட்ட பிறகே கையெழுத்துக்குப் பேனா வாங்கினேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'தற்காலிகமாகத் திருப்பிவிட்டேன்' என்று எழுத்தர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடித்து 'பதினொரு வருடம்' என்று எழுதச் சொன்னேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)