சுவரை இடித்த ஓட்டு

– திட்டுறதுன்னா உட்கார்ந்தே திட்டுங்கண்ணா. இன்னிக்கு எனக்கு எதுவும் உறைக்காது. ஜெயிச்சுட்டேன்.

– ஒரே ஒரு ஓட்டுல, பாப்பா.

– பஞ்சாயத்துத் தீர்மானம் தீர்மானம்தானே. உங்க பிரார்த்தனைக் கூடத்து முன்சுவரை இடிக்கிறோம், ஆஸ்பத்திரிக்கு ரோடு போடுறோம். ஆம்புலன்ஸ் முக்குலயே நின்னுபோய், நோயாளியைக் கையில தூக்கிட்டு ஓடுற கூத்து இனிமே கிடையாது.

– அம்மாடி, அது அப்பா கட்டின சுவரு.

– தெரியும். அந்தச் செங்கல்லுக்கெல்லாம் தண்ணி ஊத்தினவ நான். அதே முக்குலேர்ந்து அப்பாவைத் தூக்கிட்டு ஓடினதும் நாம ரெண்டு பேருதான். போய்ச் சேர்றதுக்குள்ள…

– அதை இப்ப எடுக்காதே.

– சரி, எடுக்கல.

– சுவரை விடு. ஒரு ஓட்டுக்காக யாரு வாசல்ல போய் நின்னே? சாராயக்கடைக்காரர் வாசல்ல. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல இருக்கிற கடையை மூட மாட்டேன்னு வாக்கு வேற குடுத்திருக்கே. ஊரே சிரிக்குது.

– சிரிக்கட்டும். ஒன்பது உறுப்பினர்ல என்னோட சேர்த்து நாலு பேருதான் என் பக்கம். நல்லவங்களை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியல. அஞ்சாவது ஓட்டுக்கு உறுப்பினர்ல ஒரு கெட்டவர் தேவைப்பட்டாரு.

– பாவம்னு தோணலையா உனக்கு?

– ராத்திரி பூரா தோணுச்சு. ஆனா பாவ புண்ணியம் உங்க இலாகாண்ணா. என்னுது ரோடு. ரெண்டையும் ஒரே மேசையில வச்சா எந்த வேலையும் நடக்காது.

– நல்லாத்தான் பேசுறே.

– நீங்க பேசினதை விடவா? நீங்களும் ஒரு உறுப்பினர்தான், சொந்த அண்ணன். அரை மணி நேரம் மூச்சு விடாம என்னை எதிர்த்துப் பேசினீங்களே.

– பிரார்த்தனைக் கூடத்துக்காரங்க பேசச் சொல்லி அனுப்பினாங்க, பேசினேன். பேச்சு அவங்களுது.

– ஓட்டு?

– அது ரகசியம்ல. ஆனா கடைக்காரர் கதையைக் கேளு. ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி வராந்தாவுல என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, அழாத குறை. சாமி விஷயத்துல கை வச்சா என் குடும்பம் விளங்காதுன்னாரு. எதிர்த்துத்தான் எழுதினாரு. சீட்டை எங்கிட்ட காட்டிட்டுத்தான் பெட்டியில போட்டாரு.

– என்ன சொல்றீங்க? அப்போ எங்க பக்கம் நாலுதானே இருந்திருக்கணும். அஞ்சாவது ஓட்டு யாரு… அண்ணா?

– கண்ணைத் துடைச்சுக்கோ, தலைவரம்மா. உனக்கு ஓட்டுப் போடாதவருக்கு நீ குடுத்த வாக்கு செல்லாது. நாளைக்கு முதல் வேலையா அந்தக் கடையை மூடு.