ஐம்பது மில்லிவோல்ட்

அக்கா, கையெல்லாம் சாம்பல் நிறப் பசையாக இருப்பதால் போனில் தட்டி எழுத முடியவில்லை. பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வசதியைப் போட்டிருக்கிறேன். வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் அதற்கு ஒரு மண்ணும் புரிவதில்லை. அதனால் செய்தி வாசிக்கிறவரைப் போல நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். சிரிக்காதே.

அம்மா நேற்றுப் பேசினாள். அத்தானோடு இனி இருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்று நீ சொன்னாயாம். வேலையைத் தொலைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் மேல் பழி போட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வாயாம். ஆனால் குழந்தையைத் தூக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்க் குழாயைத் தொட்டுவிட்டு வருகிறாரே, அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாயாம்.

குழாயைத் தொடச் சொன்னது நான்தான். முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாதே.

அந்தக் கம்ப்யூட்டர் நான் கட்டியது. அத்தானுக்கு வேலை என்ன என்று உனக்குத் தெரியும். இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போலப் படம் செய்து கொடுப்பார். கதவைத் திறந்து, படியேறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல. ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும், ஒரு நிமிடப் படத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும். ஆமை மாதிரி நகருது என்று புலம்பிக்கொண்டே இருப்பார். நான் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன், கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா. ஓவர்கிளாக் செய்தேன். அதாவது, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைக் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது.

அவசரக்காரன் ஒரே தாவலில் ஏற்றிவிட்டு அப்புறம் மெஷினைத் திட்டுவான். நான் சூட்டைத் தணிக்கப் பெரிய கூலர் மாட்டினேன், அதற்கடியில் சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதிது வைத்தேன். ஒரு படி ஏற்றுவது, அரை மணி நேரம் முழு மூச்சில் ஓடவிட்டுச் சூட்டைப் பார்ப்பது, அடுத்த படி. திணறினால் வோல்டேஜை ஒரு முடி அளவு கூட்டுவது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் இருந்த வேகத்தை நான்கு புள்ளி ஏழுக்குக் கொண்டுவந்தேன். எட்டு மணி நேரம் தொடர்ந்து விரட்டினேன், எழுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. வேகத்தை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், நின்று ஓட வைப்பதுதான் வேலை. அந்த அளவுகளை எல்லாம் மெஷினிலேயே ஒன்றாம் நம்பர் என்று சேமித்து வைத்தேன். இன்னும் சில நம்பர்களுக்கு இடம் இருந்தது.

அத்தான் என் முதுகில் தட்டினார். "டாக்டர், ஆறு மணி நேரம் நாலரையா குறைஞ்சிடுச்சுடா. குதிரைடா இது."

அன்று மாலை உன்னிடம் போனில் சொன்னார், "ஆபீஸ்ல நம்ம வேகத்தப் பாத்து வாயப் பொளக்குறாங்க." நம்ம வேகமாம். போன் என் கைக்கு வந்ததும் நீ கேட்டாய், "அவர் சரியா சாப்பிடறாராடா?" வாராவாரம் அதே கேள்விதான். நான் சாப்பிட்டேனா என்று ஒரு வாரமாவது கேட்டிருப்பாயா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த அறை உனக்குத் தெரியாது. இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஒரு கைகழுவும் தொட்டி. அத்தான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் இங்கே பதினான்கு மாதம் தனியாக இருந்தேன். கடையில் "ரசீது இருக்கா" என்று கேட்பதுதான் நான் ஒரு நாளில் பேசுகிற பேச்சு. அவர் வந்த பிறகு மனுஷக் குரல் கேட்டது. என் சட்டையைப் போட்டுக்கொண்டு போவார், என் சோப்பைக் கரைப்பார், குளித்துக்கொண்டே தப்புத்தப்பாகப் பாடுவார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது இருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு நாள் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று படம் நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் வேறு ஊரில் தலைமை ஆபீஸ், குடும்பத்தோடு இருக்க வீடு.

"அடுத்த மாசம் உங்க அக்காவையும் குட்டியையும் கூட்டிட்டு வந்துடுவேன்."

"அப்ப நானு?"

"உனக்கென்னடா. லீவுக்கு வந்து போ."

வந்து போ. இனிப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கும் தெரியும். யோசிக்கவே இல்லை என்பதுதான் என்னை அரித்தது.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போயிருந்தார். மெஷினை நான்தான் தினமும் போட்டு வைப்பேன், அவர் வந்து உட்கார்ந்ததும் தயாராக இருக்கட்டும் என்று. அன்றைக்கு வோல்டேஜில் ஐம்பது மில்லிவோல்ட் குறைத்தேன். டார்ச்சில் போடும் ஒரு பேட்டரியில் முப்பதில் ஒரு பங்கு. நான் யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. அதை இரண்டாம் நம்பர் என்று சேமித்தேன்.

இரண்டாம் நம்பரில் மெயில் பார்க்கலாம், சினிமா பார்க்கலாம், ஒரு குறையும் தெரியாது. பெரிய வேலை கொடுத்தால்தான் இரண்டாவது மணியிலோ மூன்றாவது மணியிலோ பொத்தென்று அணைந்துவிடும். சில சமயம் அணையாது, தப்பாகக் கணக்குப் போடும். மாடிப்படியில் கருப்புப் புள்ளிகள் விழும். எப்போது விழும் என்று எனக்கே தெரியாது. ஒரு மாதம் தள்ளிப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் படம் மூன்று நாள் தாமதம். அத்தான் என்னைத்தான் கூப்பிட்டார், வேறு யாரைக் கூப்பிடுவார். நான் ஒன்றாம் நம்பரைப் போட்டு அவர் கண் முன்னாலேயே ஒரு மணி நேரம் சோதித்துக் காட்டினேன். கல்லு மாதிரி நின்றது. அவர் படுத்ததும் மறுபடி இரண்டு.

"நீ தொட்டா ஓடுது, நான் தொட்டா நிக்குது. என்னடா மாயம் இது?"

"சிலருக்கு உடம்புல கரண்ட் ஜாஸ்தியா இருக்கும் அத்தான். உக்காரும் முன்ன குழாயைத் தொட்டுட்டு உக்காருங்க, இறங்கிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் தொட்டார். அன்று பார்த்து மெஷின் ஐந்து மணி நேரம் நிற்காமல் ஓடியது, அது அவருடைய நேரம். அதன் பிறகு குழாயை விடவே இல்லை. எழுந்தால் தொடுவார், உட்கார்ந்தால் தொடுவார், தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் தொடுவார். பாட்டு நின்றுபோனது. செருப்பை மாற்றிப் பார்த்தார், சட்டைத் துணியை மாற்றிப் பார்த்தார்.

இரண்டாவது படமும் போனது. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார், அதனால் காலையிலேயே ஒன்றாம் நம்பரில் போட்டு வைத்திருந்தேன். மழை. பெட்டிக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு அவர் நனைந்து வந்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் கடையில் கண்ணாடி என்று ஒருவன், எதையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசுவான். நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தான்.

"மெஷின் தங்கம் சார். யார் கட்டுனது?"

"இவன்தான். என் மச்சான்."

"அப்ப மெஷின்ல இல்ல சார் கோளாறு. ஓட்டுறவர் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார், சிரிக்க வேண்டுமே என்று.

அவருடைய ஆபீஸில் ஒரு கடிதம் கேட்டார்கள். மெஷின் பழுது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இன்னொரு வாய்ப்புத் தருவதாக. கடையின் தாளில் நான்தான் தட்டச்சு செய்தேன். எட்டு மணி நேரம் சோதிக்கப்பட்டது, பழுது எதுவும் இல்லை. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, வேண்டுமானால் கண்ணாடியைக் கேட்டுப் பார். அத்தான் அதைப் படித்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்குத்தான்டா என்னமோ ஆயிடுச்சு," என்றார்.

வேலை போனது. வேலையோடு இங்கே தங்குகிற அனுமதியும் போனது. அப்படி ஒரு விதி இருப்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று செய்தது, அவரை ஊருக்கே அனுப்பிவிட்டது. எனக்கு எவ்வளவு ஆத்திரமாக இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். மூன்று வாரம் வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடிக்க வந்தவர் பாதியில் நின்றார். தள்ளுவண்டிக் கம்பியை ஒரு முறை தொட்டுக்கொண்டார், அப்புறம்தான் கட்டிப்பிடித்தார். எனக்கு ஷாக் அடித்துவிடக் கூடாதாம். குழந்தைக்கும் அதைத்தான் செய்கிறார் அக்கா. அதைப் பார்த்து நீ பயப்படுகிறாய்.

ஆக, அத்தான் பொய் சொல்லவில்லை. சோம்பேறியும் இல்லை, பைத்தியமும் இல்லை. இரண்டு மாதம் ஒவ்வொரு காலையும் நான்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை நிறுத்திவிடு. சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது, இத்தனை நாள் ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று இருக்கிறது.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம், உடைந்து போவார். இங்கே அனுப்பி வை. எங்கள் கடையில் ஆள் தேவைப்படுகிறது, அனுமதிக்கு முதலாளி கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டார், நான்தான் போராடி வாங்கினேன். அத்தானின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாயிற்று. அவர் விட்டுவிட்டுப் போன மெஷினில் இப்போதுதான் கூலரைக் கழற்றித் துடைத்துப் புதுப் பசை வைத்தேன், கையில் இருப்பது அதுதான். எழுந்து குழாய் வரை போகிற சிரமம் அவருக்கு வேண்டாம் என்று மேஜை ஓரத்திலேயே ஒரு இரும்புக் கம்பி பொருத்தியிருக்கிறேன். இரண்டாம் நம்பரை அழிக்கவில்லை, அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நீயும் குட்டியும் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். லீவுக்கு வந்து போங்கள்.