மூன்றாம் வரிசைக்கும் பேச வாய்ப்பளித்த சூராகான் அக்காவுக்கு

மலைநாட்டுப் பேரவையின் மணிக்கதவுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் திறந்துவைத்த மாண்புமிகு மங்கையே! சட்டம் பிறக்கும் சங்கதியைச் சின்னஞ்சிறார்க்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தந்த செஞ்சொல் அரசியே! சூராகான் எஜே, எங்கள் எல்லாருக்கும் மூத்த அக்காவே! தங்கள் தோளில் பட்டுச் சால்வை போர்த்தி, எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுப் பணியாரத்தைத் தட்டு நிறையத் தந்து, பணி ஓய்வுக்கு வழியனுப்ப இதே மன்றத்தில் கூடியிருக்கிறோம். கூடியிருக்கிறோமே தவிர, மூன்றாம் வரிசைப் பக்கம் உட்கார எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

தங்கள் பாடம் எங்களுக்கே மனப்பாடம். "ஒவ்வொரு ஊர் சனமும் தங்களுக்காகப் பேச ஒருத்தர அனுப்புறாங்க. குழுவுல சட்டத்த மாவு மாதிரி பிசைவாங்க, இங்க கொண்டுவந்து பரிமாறுவாங்க" என்பீர்கள். "ஒரே சட்டத்த ஏன் மூணு தடவ வாசிக்கிறாங்க? மொத தடவ புரியாதா?" என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். "பனியில உன்ன வெளிய விடுறதுக்கு முன்னாடி உங்கம்மா எத்தன தடவ பொத்தான் பாக்குறாங்க? அப்படித்தான்!" என்பீர்கள். "ஜனாதிபதிக்குப் பிடிக்கலேன்னா?" என்று இன்னொன்று கேட்கும். "திருப்பி அனுப்பலாம். ஆனா மூணுல ரெண்டு பங்கு பேர் மறுபடியும் வேணும்னா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாவது கையெழுத்துப் போடணும்." மன்றமே குலுங்கும்.

அந்தச் சிரிப்பு நின்றுபோன நாளை மறைத்துவிட்டுத் தங்களைப் பாராட்டினால் அது பூசி மெழுகிய பாராட்டாகிவிடும். பிள்ளைகளை உறுப்பினர் இருக்கைகளில் உட்காரவைத்து, "மிட்டாயை இப்போதே தின்னலாமா?" என்று வாக்கெடுத்தீர்கள். எல்லாரும் பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள், அழுத்தாமல் இருப்பார்களா! ஆனால் வாக்குப் பலகையில் 'வேண்டாம்' என்று ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றாம் வரிசையில், சுவரோரம், யாருமே உட்காராத நாற்காலி. மறுநாள் வந்த வகுப்புக்கும் அதே சிவப்பு. நாங்கள் கம்பியை அறுத்துப் பார்த்தோம், அப்போதும் எரிந்தது. 

அது காலமான உறுப்பினர் ஜோல்போர்ஸ் அவர்களின் இருக்கை. மேய்ச்சல் மலைகளின் சிறு பள்ளிகளை மூடும் சட்டம் வந்த அன்று, பேச வேண்டுமென்று விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பேச்சு போதுமென்று அவைத் தலைவர் அவசரமாக வாக்கெடுப்புக்குப் போனார். சட்டம் நிறைவேறியது. மேசைமேல் தலைவைத்துக் கிடந்தவரை எழுப்பியபோதுதான் உயிர் போயிருந்தது தெரிந்தது. பேச வாய்ப்புக் கேட்டு அவர் போட்ட விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

செயலகத் தலைமை அதிகாரி எசென்பெக் தங்களை அழைத்து, "இன்னொரு தடவ கணக்குத் தப்பினா, பிள்ளைங்கள உள்ள விடுறதே கிடையாது. இது பேரவையா, பேய்வீடா?" என்று சீறினார்.  பிறகு நம் வழக்கப்படி வியாழக்கிழமை எண்ணெய் காயவைத்து, போர்சோக் பொரித்து, இறந்தவருக்கு மணம் காட்டினோம். மன்றம் முழுக்க மணத்தது. சிவப்பும் எரிந்தது. அப்போது தாங்கள் எங்களைப் பார்த்துக் கடிந்த கடிதலை மறப்போமா! "அட மக்குங்களா, அவருக்குப் பசியில்ல. பேசணும்!"

அடுத்த வகுப்பில் அவைத் தலைவர் ஆசனத்தில் உட்கார்ந்த உல்கான் என்னும் சிறுமியின் காதில் ஏதோ சொன்னீர்கள். அவள் சுத்தியலைத் தட்டினாள். "மூணாவது வரிசை தாத்தா, பேசுங்க. நாங்க கேக்குறோம்." அந்த இருக்கையின் ஒலிவாங்கி தானாக உயிர்பெற்றது. கணவாயில் பனிக்காற்று இழுப்பது போல ஒரு மூச்சு மட்டும் கேட்டது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. விளக்கு அணைந்தது. வாக்கெடுத்தார்கள், கணக்கு சரியாக இருந்தது. அன்று தாங்கள் காத்தது பிள்ளைகளின் வருகையை மட்டுமல்ல, பேரவையின் மானத்தையும்தான். அதன்பின் ஒரு வகுப்பிலும் அவர் பேசும் முறையைத் தாங்கள் தவறவிட்டதில்லை.

இன்று காலை தவறவிட்டது நாங்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகளோடு விளையாட்டாக உட்கார்ந்து, "சூராகான் அக்கா ஓய்வுபெறலாமா?" என்று வாக்கெடுத்தோம். தங்கள் நலம் கருதி நாங்கள் பச்சை, தங்களை விட மனமில்லாத பிள்ளைகள் சிவப்பு. இரு பக்கமும் சமம். பிறகு ஒரு சிவப்பு கூடியது. "ஜோல்போர்ஸ் அண்ணே, எனக்கு முழங்கால் வலிக்கிறது உங்களுக்குத் தெரியாதா?" என்று தாங்கள் சிரித்தீர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பேசவிடாமல் வாக்கெடுத்த அதே பழைய பிழையை நாங்களும் செய்துவிட்டோம். நாளை முதல் அவருக்கு யார் வாய்ப்பளிப்பார் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.  இதை எழுதும்போதும் அந்த விளக்கு எரிகிறது.

ஆகவே அக்கா, நீங்கா நலமும் நோயற்ற முழங்காலும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு தாங்கள் வாழவேண்டுமென்று வாழ்த்துகிறோம். ஆயினும் அவர் பேசும் முன் தங்கள் ஓய்வு நிறைவேறியதாக நாங்களே அறிவித்துவிட மாட்டோம். மடலை வாசிப்பவர் இவ்விடத்தில் நிறுத்துவார். எல்லாரும் எழுந்து நின்று, தாங்கள் கற்பித்தபடியே சொல்வோம். இனி ஒவ்வொரு வகுப்பிலும் நாங்களே சொல்வோம்.

மூணாவது வரிசை தாத்தா, பேசுங்க. நாங்க கேக்குறோம்.

அன்பும் நடுக்கமும் மாறாத,
பேரவைச் செயலகப் பணியாளர்கள்